குச்சி ஆட்டுபவருக்கு எதற்கு இவ்வளவு பெயர்?

மார்ச் 10, 2025, இரவு

சிங்கப்பூர் பொங்கோலில் இருக்கும் தம்பி ஒருவர் இங்கே கேட்டதை அப்படியே மேலே போட்டுவிடுகிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

"சனிக்கிழமை லண்டனில் இளையராஜா சாரின் சிம்ஃபனி அரங்கேறியது. எழுதியவர் ராஜா. வாசித்தவர்கள் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு. எல்லார் முன்னாலும் நோட்ஸ் இருக்கிறது. நடுவில் ஒருத்தர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குச்சியை ஆட்டுகிறார். முடிந்ததும் கைதட்டலில் அவருக்கும் பங்கு. அவர் இல்லையென்றால் என்ன கெட்டுப்போகும்? ஜூபின் மேத்தாவுக்குப் பத்ம விபூஷண் கொடுத்ததும் இதற்குத்தானா?"

சிம்ஃபனி என்றால் பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதும் நீண்ட இசை. குச்சி ஆட்டுபவர்தான் கண்டக்டர், குழுவை நடத்துபவர். மேத்தா அந்தத் தொழிலில் உலகப் பெயர் பெற்ற இந்தியர். கடைசி வரி குறும்பு. இருந்தாலும் பதில் சொல்கிறேன். கெட்டுப்போகும்.

உயர்நிலைப் பள்ளியில் என்னுடைய இணைப்பாட நடவடிக்கை பேண்டு. கிளாரினெட், அதுவும் மூன்றாவது வரிசை. மெட்டு நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது, ஒத்து ஊதுவதே பிழைப்பு. ஒரு சனிக்கிழமை காலை பேண்டு மாஸ்டர் வரத் தாமதம். மூத்த மாணவர்களுக்கு ஒரே குஷி, நாமே ஆரம்பிக்கலாம் என்று எண்ணிக்கை சொல்லி எடுத்தார்கள். ஆரம்பம் பிரமாதம். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் டிராம்போன்கள் முன்னால் ஓட, புல்லாங்குழல்கள் பின்னால் இழுக்க, நடுவில் நாங்கள் யார் பின்னால் போவது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தோம். இத்தனைக்கும் யாரும் தப்பாக எண்ணவில்லை. அவரவர் காதில் விழுந்ததற்கு அவரவர் சரியாகத்தான் ஊதினார்கள்.

ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். இருபது மீட்டர் தள்ளி இருப்பவர் ஊதியது என் காதுக்கு வரும்போது ஏறக்குறைய 0.06 வினாடி பழசு. அதைக் கேட்டுவிட்டு நான் ஊதினால், அவருக்கு அது இன்னும் பழசு. எண்பது பேர் இப்படிக் காதை மட்டும் நம்பினால் தாளம் இழுபட்டுக்கொண்டே போகும். கண்ணுக்கு அந்தத் தாமதம் கிடையாது. முன்னால் ஒருவர் நிற்பதற்கு முதல் காரணம் இது.

ஆனால் இது போக்குவரத்து போலீஸ் வேலை. இதற்காக யாரும் விருது கொடுப்பதில்லை. மீதியை நாளை எழுதுகிறேன், காலையில் ஷிப்டு.

மார்ச் 11, மதிய இடைவேளை

லண்டனில் நின்றவர் யார் என்று இருவர் கேட்டிருந்தீர்கள். மிகெல் டாம்ஸ். ராஜா ஏன் தானே நடத்தவில்லை என்ற கேள்விக்கு இப்போது நேரமில்லை, கோப்பி ஆறுகிறது.

மார்ச் 11, இரவு

ஈசூனில் இருக்கும் அக்கா விடுவதாக இல்லை. "தியாகராஜ ஆராதனையில் நூறு பேர் சேர்ந்து பஞ்சரத்னம் பாடுகிறார்கள், எந்தக் கண்டக்டர் வந்தார்?" என்கிறார்.

நல்ல கேள்வி அக்கா. அங்கே எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுகிறார்கள், எல்லாருக்கும் அது மனப்பாடம், எல்லார் கையும் தொடையில் தாளம் போடுகிறது. சாதாரணக் கச்சேரியிலோ நான்கைந்து பேர், எட்டினால் தொடும் தூரம். பாடகர் கண்ணை மூடிக்கொண்டாலும் மிருதங்கக்காரருக்கு அவருடைய மூச்சு கேட்கும். சிம்ஃபனியில் முப்பது நாற்பது வயலின்கள் ஒன்றைச் செய்ய, ஹார்ன் வேறொன்றைச் செய்ய, டிம்பனி என்ற பெரிய முரசை அடிப்பவர் எழுபது எண்பது தாளச் சுற்று சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே ஒரு அடி போட வேண்டும். அந்த ஒரு அடிக்கு ஒருவர் அவரைத் திரும்பிப் பார்த்தாக வேண்டும்.

நம்மிடமும் ஆள் கூடியபோது கண்டக்டர் வந்துவிட்டார். ராஜாவின் ஒலிப்பதிவுகளில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன்தான் குழுவுக்குக் கை காட்டியும் நின்றவர். இங்கே மக்கள் கழகத்தின் சிங்கப்பூர் இந்திய இசைக்குழு 1985இல் தொடங்கியது. வீணை, வயலின், புல்லாங்குழல், தபலா எல்லாம் வரிசை கட்டி உட்கார, முன்னால் நின்று அதை நெடுங்காலம் வழிநடத்தியவர் லலிதா வைத்தியநாதன். ராகம் நம்முடையது, தாளம் நம்முடையது, இருந்தும் முன்னால் ஒருவர் தேவைப்பட்டார்.

அக்கா பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்டக்டரே இல்லாமல் வாசிக்கும் குழுக்கள் உண்டு. நியூயார்க்கில் ஆர்ஃபியஸ் என்ற சிறு குழு 1972இலிருந்து அப்படித்தான் வாசிக்கிறது. மாஸ்கோவில் புரட்சிக்குப் பிறகு 1922இல் பெர்சிம்ஃபான்ஸ் என்று ஒரு முழுப் பெரிய குழுவே தொடங்கினார்கள். முதலாளி இல்லாத நாட்டில் இசைக்கு மட்டும் எதற்கு முதலாளி என்ற எண்ணம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வட்டமாக உட்கார்ந்து வாசித்தார்கள். பத்து வருடம் ஓடியது. முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஒத்திகைதான் மலைபோல் குவியும், ஏனென்றால் ஒருவர் முடிவெடுக்க வேண்டியதை அத்தனை பேரும் பேசித் தீர்க்க வேண்டும். நம் பிளாக் குடியிருப்பாளர் கூட்டத்துக்குப் போனவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

மார்ச் 12, இரவு

இன்று ஒரே ஒரு உதாரணம். பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனி. "டடட டாஆஆ" என்று ஆரம்பிக்குமே, கைப்பேசி ரிங்டோனாகக்கூட எல்லாரும் கேட்டது.

அதன் முதல் ஒலி என்ன? மௌனம். எழுதியிருப்பது இரண்டு எண்ணிக்கைத் தாளம். முதல் எண்ணிக்கையின் முதல் பாதியில் யாரும் வாசிக்கக்கூடாது. அடுத்த பாதியிலிருந்துதான் அந்த மூன்று குறுகிய அடிகள், பிறகு நீண்டு நிற்கும் ஒன்று. கர்நாடக சங்கீதக்காரர்களுக்குச் சொல்வதென்றால் அரை இடம் தள்ளி எடுப்பு, அனாகதம். நம் பாடகர் சமத்தில் தொடையைத் தட்டிவிட்டுப் பாட்டை எடுப்பார், எல்லாரும் ஏற்கனவே தாளத்துக்குள் இருப்பார்கள். இங்கே தாளமே இன்னும் பிறக்கவில்லை. கண்டக்டர் தட்டவும் கூடாது, எண்ணவும் கூடாது. கை மேலே போகிறது, கீழே வருகிறது, அந்த ஒரே அசைவிலிருந்து எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம், எவ்வளவு கோபம் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட வேண்டும். கையோடு சேர்ந்து அவர் மூச்சை இழுப்பதும் ஒரு தகவல்தான். தெரியவில்லையென்றால் மூன்று அடிகள் ஐந்தாகக் கேட்கும்.

அந்த நீண்ட ஸ்வரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது என்று தாளில் எண்ணிக்கை கிடையாது. மேலே ஒரு அரைவட்டமும் புள்ளியும் போட்டிருக்கும், பிடித்து நிறுத்து என்று பொருள். எதுவரை? கண்டக்டர் விடும்வரை. இரண்டு பேர் நடத்திய அதே சிம்ஃபனியை அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், முதல் பத்து வினாடியிலேயே ஆள் மாறியது தெரியும்.

மார்ச் 13, இரவு

பொங்கோல் தம்பி: "அண்ணே, முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது?"

முதுகைப் பார்க்காதே. எஸ்பிளனேட் கச்சேரி அரங்கில் மேடைக்குப் பின்னால் உயரத்தில் சில வரிசைகள் இருக்கின்றன. கோரஸ் இல்லாத நாட்களில் அந்த இடங்களுக்கும் சீட்டு விற்பார்கள், விலையும் குறைவு. ஒலி கொஞ்சம் தலைகீழாக வரும், டிரம்பெட் உன் காலடியிலும் வயலின் தூரத்திலும் கேட்கும். போகட்டும். கண்டக்டரின் முகம் நேருக்கு நேர் உனக்குத்தான்.

நான் எப்போதும் அங்கேதான் உட்காருவேன். முதலில் காசுக்காக, இப்போது பழகிவிட்டது. வலது கை தாளத்தைப் பார்த்துக்கொள்ளும். கவனிக்க வேண்டியது இடது கை. ஒருமுறை மெதுவான பகுதியில் ஒபோ என்ற குழல் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது. வந்திருந்த கண்டக்டர் வலது கையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். இடது உள்ளங்கையை மட்டும் கீழ்நோக்கி வைத்து, தூங்கும் குழந்தை பக்கத்தில் இருக்கிறது என்பதுபோல் வயலின்கள் பக்கம் லேசாக அழுத்தினார். இருபது வில்களின் சத்தம் அப்படியே அடங்கியது. ஒபோக்காரரை அவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அந்த மனிதர் பதறியிருப்பார். அதை எதிர்ப்பக்கம் விலை உயர்ந்த இடத்தில் இருந்தவர்கள் யாரும் பார்த்திருக்க முடியாது.

இதற்கு ஒரு பெரிய முன்னோடிக் கதை உண்டு. 1950களில் வியன்னாவில் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்களுக்கு, பெரிய கண்டக்டர்களின் ஒத்திகையைப் பார்க்க ஆசை. வெளியாட்களுக்கு அனுமதி கிடையாது. இருவரும் கோரஸில் சேர்ந்துவிட்டார்கள். புருனோ வால்டர், காரயான் என்று வந்தவர்கள் அத்தனை பேரையும் பாடகர் வரிசையில் நின்று எதிரிலிருந்து பார்த்தார்கள். ஒருவர் பின்னாளில் பெயர் பெற்ற கண்டக்டர் கிளாடியோ அப்பாடோ. இன்னொருவர் பம்பாய்ப் பையன் ஜூபின் மேத்தா.

மார்ச் 13, நள்ளிரவு

மேலே சொன்ன அன்று என் பக்கத்து இருக்கை அங்கிள் முழுக் கச்சேரியும் குறட்டை விட்டார் என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன். கண்டக்டருக்கு அதுவும் நேருக்கு நேர் தெரிந்திருக்கும், பாவம்.

மார்ச் 15, சனி, விடிகாலை

மேத்தா கதையைத் தொடங்கிவிட்டதால் முடித்துவிடுகிறேன். அதற்கு முன் ஒன்று. நேற்றெல்லாம் யோசித்ததில் எனக்குப் பட்டது இது. வயலின்காரர் வீட்டில் வயலின் இருக்கும். நான் ஊதிய கிளாரினெட்கூட வாரக்கடைசிக்கு வீட்டுக்கு வரும், அம்மா சாமி அறைக் கதவைச் சாத்துவார். கண்டக்டரின் வாத்தியம் எண்பது பேர். அதை வீட்டில் வைத்துச் சாதகம் பண்ண முடியாது, கடன் வாங்க முடியாது, யாராவது கொடுத்தால்தான் உண்டு. எனவே இவர்களுடைய வாழ்க்கை வரலாறு எதை எடுத்தாலும் பாதி, வாத்தியம் எப்படிக் கையில் கிடைத்தது என்ற கதையாகவே இருக்கிறது.

மேத்தா பிறந்தது 1936 ஏப்ரல் 29, பம்பாய், பார்சி குடும்பம். அப்பா மெஹ்லி மேத்தா வயலின்காரர், ஊரில் சிம்ஃபனி இல்லை என்று 1935இல் தானே பம்பாய் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கிவிட்டவர். ஆக, இந்தப் பையன் பிறப்பதற்கு முன்பே வாத்தியம் வீட்டுக்கு வந்தாயிற்று. பதின்ம வயதிலேயே அப்பாவின் ஒத்திகைகளில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். வீட்டார் மருத்துவம் படிக்கச் சொன்னார்கள் (எந்த ஊர் வீட்டில்தான் சொல்லவில்லை!). கொஞ்ச நாள் போய்விட்டுத் தப்பித்து, 18 வயதில், 1954இல், வியன்னா. அங்கே டபுள் பாஸும் கற்றுக்கொண்டார். 1956இல் ஹங்கேரியிலிருந்து அகதிகள் ஓடி வந்தபோது மாணவர்களைத் திரட்டி ஒரு குழு சேர்த்து முகாமில் போய் நடத்தினார். நல்ல காரியம். எனக்கென்னவோ அதில் இன்னொன்றும் தெரிகிறது, ஒரு ஆர்க்கெஸ்ட்ரா கையில் கிடைக்க இருபது வயதுப் பையன் எதையும் செய்வான்.

1958இல் லிவர்பூல் போட்டியில் முதல் பரிசு. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் வராததால் நடந்தது. 1960இல் மான்ட்ரியலில் இகோர் மார்கெவிச்சுக்குப் பதிலாக நின்றார், அடுத்த வருடமே அந்தக் குழு அவர் கைக்கு வந்தது. 1961இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஃப்ரிட்ஸ் ரைனருக்குப் பதிலாக நின்றார். அங்கே தலைமை ஏற்கவிருந்தவர் ஜார்ஜ் ஷோல்டி. அவரைக் கேட்காமலே நிர்வாகம் மேத்தாவை அவருக்குத் துணையாக நியமித்தது. ஷோல்டி கோபித்துக்கொண்டு விலகினார். 1962இல் மேத்தா, வயது 26, அந்தக் குழுவுக்கே தலைவர். 1978 வரை அங்கே, பிறகு நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் 1991 வரை.

இப்படி வந்தவர் இவர் மட்டும் என்று நினைக்காதீர்கள். பெரிய கண்டக்டரான டாஸ்கனினி 1886இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு இத்தாலிய ஆப்பரா (பாட்டாலேயே நடக்கும் மேடை நாடகம்) குழுவில் செல்லோ வாசித்துக்கொண்டிருந்த 19 வயதுப் பையன். கண்டக்டர் கோபித்துக்கொண்டு போக, மாற்றாக வந்தவரைக் கூட்டம் கூச்சலிட்டுத் துரத்த, இவனை மேலே ஏற்றிவிட்டார்கள். முழு 'அயிதா' ஆப்பராவையும் நோட்ஸ் பார்க்காமல் நடத்தினார். அமெரிக்கக் கண்டக்டர் பெர்ன்ஸ்டைனுக்கு அந்த நாள் 1943 நவம்பர் 14. புருனோ வால்டருக்குக் காய்ச்சல், ஒத்திகையே இல்லாமல் 25 வயது உதவியாளர் மேடை ஏறினார், கச்சேரி வானொலியில் நாடு முழுக்க ஒலிபரப்பானது, மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கம்.

அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அயிதா அந்தப் பையனுக்கு முன்னமே மனப்பாடமாக இருந்தது. நடத்தச் சொல்வார்கள் என்று யாரும் அவனிடம் சொல்லிவைக்கவில்லை.

மார்ச் 16

"மேலைநாட்டுக் குழுக்களை ஆண்ட முதல் ஆசியர் மேத்தாதான்" என்று ஒருவர் எழுத, "ஓசாவா" என்று இன்னொருவர் பாய, இரவு முழுக்கச் சண்டை. ஜப்பானியக் கண்டக்டர் சேஜி ஓசாவா 1935இல் பிறந்தவர், 1959இல் பெசான்சோன் போட்டியில் வென்றவர், 1973 முதல் 2002 வரை பாஸ்டன் சிம்ஃபனி, பிறகு வியன்னா அரசு ஆப்பரா. மேத்தா போட்டியில் வென்றது ஒரு வருடம் முன்னால், பிறந்தது ஒரு வருடம் பின்னால். சமம் என்று வைத்துக்கொண்டு தூங்கப் போங்கள்.

மார்ச் 18, இரவு

ஆப்பரா பக்கம் வருகிறேன். சிம்ஃபனி மேடையில் கண்டக்டர்தான் நடுநாயகம். ஆப்பராவில் அவர் வாத்தியக் குழுவோடு மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் நிற்கிறார், பார்ப்பவர்களுக்குப் பின்மண்டை தெரிந்தால் அதிகம். வேலையோ இரண்டு மடங்கு.

மேடையில் பாடகர் ஓடுவார், படுப்பார், கத்தியால் குத்தப்பட்டுச் சாகும்போதும் மேல்ஸ்தாயியில் நிற்பார். இன்று மூச்சு நன்றாக இருக்கிறதென்றால் அந்த ஸ்வரத்தை இன்னும் கொஞ்சம் பிடிப்பார். பள்ளத்தில் இருப்பவர்களுக்குப் பாடகர் சரியாகக் கேட்காது, பாடகருக்கு வயலின் சரியாகக் கேட்காது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர், பாடகரின் தோள்பட்டையைப் பார்த்தே மூச்சு எப்போது முடியும் என்று கணித்து, கீழே எழுபது பேரைப் பிடித்து வைத்திருந்து, சரியான கணத்தில் விட வேண்டும். திரைக்குப் பின்னால் கோரஸ் பாட வேண்டுமென்றால் இன்னொரு தலைவலி. அங்கே ஒரு உதவியாளர் சின்ன டிவியில் கண்டக்டரைப் பார்த்துக் கை அசைப்பார். பார்த்தபடியே அசைத்தால் பாட்டு அரங்கத்துக்கு வந்து சேரும்போது பிந்திவிடும் என்பதால் கொஞ்சம் முந்தி அசைப்பார். முதலில் சொன்ன 340 மீட்டர் கணக்கு இங்கேயும் வந்து நிற்கிறது.

இந்தத் தொழிலில் பலரும் ஏறி வந்த ஏணி வேறு. பியானோவில் உட்கார்ந்து பாடகர்களுக்கு வரி வரியாகப் பாடம் ஏற்றும் வேலையிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஷோல்டி புடாபெஸ்ட்டில் அப்படித்தான் இருந்தார். காரயான் உல்ம் என்ற சிறிய ஊர் ஆப்பராவில் ஐந்து வருடம் குப்பை கொட்டினார். மேத்தா அந்த வழியில் வரவில்லை, சிம்ஃபனி வழியாக உள்ளே வந்தவர். 1965இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் முதன்முதலில் நின்றதும் அயிதாவுக்குத்தான். பிறகு ஃபிளாரன்ஸ், மியூனிக். பவேரிய அரசு ஆப்பராவின் இசைத் தலைவராக 1998 முதல் 2006 வரை.

உலகம் அவரை அறிந்தது 1990 ஜூலை 7, ரோமில் மூன்று டெனர்கள் (மேல்ஸ்தாயி ஆண் பாடகர்கள்) பாடிய இரவில். உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு முதல் நாள். எங்கள் வீட்டிலும் அந்த கேசட் இருந்தது, பாவரொட்டியின் கைக்குட்டை படத்தோடு. கண்டக்டர் என்று ஒருவர் இருந்ததாக அப்போது எனக்கு நினைவே இல்லை. எனக்குப் பிடித்தது 1992. 'டாஸ்கா' ஆப்பராவின் கதை ரோமில் எந்தெந்த இடத்தில், எந்தெந்த நேரத்தில் நடப்பதாக எழுதியிருக்கிறதோ அங்கேயே, அந்த நேரத்திலேயே நேரடி ஒளிபரப்பு. முதல் அங்கம் தேவாலயத்தில் பகலில், இரண்டாவது அரண்மனையில் இரவில், மூன்றாவது கோட்டையின் மேல் விடிகாலையில். பாடகர்கள் அங்கே. மேத்தாவும் ஆர்க்கெஸ்ட்ராவும் ரோமிலேயே வேறோர் அரங்கில். டொமிங்கோ பாடுவதை இவர் திரையில் பார்க்கிறார், இவர் கையை டொமிங்கோ ஒளித்து வைத்த திரையில் பார்க்கிறார். தூக்கம் கெட்ட நிலையில், விடிகாலையில், ஊருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் மூச்சைக் கணிப்பது. தம்பி, பத்ம விபூஷணுக்கு ஒரு காரணம் கேட்டாயே, இதை எடுத்துக்கொள்.

மார்ச் 19

1998இல் பெய்ஜிங் அரண்மனை வளாகத்தில் ஜாங் யீமோ இயக்கிய 'டுராண்டாட்' ஆப்பராவைச் சொல்லாமல் விட்டதற்கு உட்லண்ட்ஸ் அண்ணன் கோபித்திருக்கிறார். சொல்லிவிட்டேன். அதுவும் மேத்தாதான். பிரம்மாண்டம், ஆனால் திறந்தவெளியில் மைக் வைத்துச் செய்யும் ஆப்பராவில் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை.

மார்ச் 20, இரவு

வேறு ஒருவர்: "இசைக்காரரான மேத்தா இசையைப் பார்க்காமல் ஏன் எல்லா ஊர் வம்பிலும் தலையிட்டார்?"

இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கோடு அவருக்கு அரை நூற்றாண்டு உறவு. 1969இல் ஆலோசகர், 1977இல் இசைத் தலைவர், 1981இல் வாழ்நாள் தலைவர் என்றே ஆக்கினார்கள். 2019 அக்டோபரில் மாலரின் இரண்டாம் சிம்ஃபனியோடு விடைபெற்றார். அந்த 1981இலேயே டெல் அவிவில், கச்சேரி முடிந்த பிறகு கூடுதல் உருப்படியாக ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசையை வாசிக்கப்போகிறோம், விருப்பமில்லாதவர்கள் போகலாம் என்று அறிவித்தார். நாஜிகள் கொண்டாடிய வாக்னரை அங்கே வாசிப்பதில்லை என்பது எழுதப்படாத சட்டம். சிலர் எழுந்து போனார்கள், சிலர் கூச்சலிட்டார்கள், நாஜிகளின் கொடுமையிலிருந்து உயிர் தப்பிய ஒருவர் மேடையருகே வந்து தன் தழும்பைக் காட்டினார். மேத்தா கடைசிவரை வாசித்து முடித்தார்.

எனக்கு இதில் இரண்டு மனம். இசை குற்றம் செய்யவில்லை என்பது சரிதான். அந்தத் தழும்புக்கு முன்னால் அதை யார் சொல்வது? போகலாம் என்று சொல்வது எளிது, சீட்டு வாங்கி வந்தவர் எதற்குப் போக வேண்டும் என்று அன்று நான் அங்கிருந்தால் கேட்டிருப்பேன். அதே மனிதர் 1994இல் சரயேவோவில் போரில் எரிந்து கிடந்த நூலகத்துக்குள் மோட்சார்ட்டின் ரெக்வியம் (இறந்தவர்களுக்கான இசை) நடத்தியபோது மனம் முழுக்க அவர் பக்கம். 2013இல் ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில் நடத்தினார். அழைப்பு இருந்தவர்களுக்கு மட்டும், சுற்றிலும் காவல், அதே நாளில் ஊருக்குள் எதிர்ப்பு நிகழ்ச்சி. மறுபடி இரண்டு மனம்.

நம்மவர்களுக்கு நெருக்கமானது 2005 டிசம்பர் 26. சுனாமியின் முதலாண்டு நினைவு நாள். பவேரியக் குழுவோடு சென்னை மியூசிக் அகாடமியில் கச்சேரி. மார்கழி சீசனில், அதுவும் அகாடமி மேடையில், சிம்ஃபனி! உட்லண்ட்ஸ் அண்ணன் அங்கே போயிருந்தாராம். அவரே எழுதட்டும், நான் பிடுங்கவில்லை.

மார்ச் 22

சிங்கப்பூரில் யாருமே இல்லையா என்று கேட்டவருக்கு. இருக்கிறார்கள். 1979 ஜனவரி 24இல் சிங்கப்பூர் மாநாட்டு மண்டபத்தில் 41 பேரோடு சிங்கப்பூர் சிம்ஃபனி முதல் கச்சேரி கொடுத்தபோது முன்னால் நின்றவர் சூ ஹோய். பாலெம்பாங்கில் பிறந்தவர், லண்டனில் படித்தவர், ஏதென்ஸில் கிரேக்கத் தேசிய ஆப்பராவில் நடத்திக்கொண்டிருந்தவர். மற்றவர்கள் இருக்கும் வாத்தியத்தைக் கேட்டு அலைந்தார்கள், இவர் இல்லாத ஊரில் வாத்தியத்தைச் செய்தார். வாசிக்க ஆட்களை வெளிநாட்டிலிருந்து தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 1996 வரை இருந்தார். பிறகு லான் ஷூய் 1997 முதல் 2019 வரை, எஸ்பிளனேட் திறந்ததும் லண்டனில் பிபிசி நடத்தும் 'ப்ராம்ஸ்' இசை விழாவுக்குக் குழு போனதும் அவர் காலத்தில். அவருக்குப் பிறகு ஹான்ஸ் கிராஃப் வந்தார்.

எனக்கு நெருக்கமானவர் வோங் கா சுன். 1986இல் பிறந்தவர், ஜூரோங் பையன், தொடக்கப்பள்ளி பேண்டில் கார்னெட் ஊதியவர். என்னைப் போலவே பள்ளி பேண்டு! ஒற்றுமை அத்தோடு முடிகிறது. தேசிய சேவையில் ராணுவ பேண்டில் இருந்தபோது உதட்டு நரம்பு கெட்டு டிரம்பெட் வாசிப்பது நின்றது. இசை எழுதப் படித்தார், பிறகு பெர்லின் போய் நடத்தப் படித்தார். 2016இல் ஜெர்மனியின் பாம்பெர்கில் மாலர் பெயரிலான போட்டியில் முதல் பரிசு, ஆசியர் ஒருவருக்கு அது முதல்முறை. பிறகு நியூரம்பெர்க், ஜப்பான் ஃபில்ஹார்மோனிக், 2024 முதல் இங்கிலாந்தின் ஹாலே இசைக்குழு. அரசு அடுக்குமாடி வீட்டிலிருந்து அந்த மேடைக்குப் போக முடியும் என்பது என் மகளுக்கு நான் அடிக்கடி போடும் பாட்டு. அவள் காதில் எப்போதும் கொரியப் பாட்டு.

மார்ச் 22, பின்னிரவு

ராஜா ஏன் தானே நடத்தவில்லை என்ற பாக்கி. என் ஊகம் மட்டும். தன் இசையைத் தானே நடத்திய மாலர், ஸ்ட்ராஸ் போன்றவர்கள் தினமும் இன்னொருவர் இசையை நடத்தியே சம்பளம் வாங்கியவர்கள். அது அன்றாடத் தொழிலாக இருந்தால்தான் குறைந்த ஒத்திகையில் அந்நியக் குழுவை வழிக்குக் கொண்டுவர முடியும். எழுதியவர் அரங்கில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டால் எங்கே பித்தளை வாத்தியங்களின் சத்தம் வயலினை மூடுகிறது என்று பிடிக்கலாம், நடத்துகிற இடத்தில் நின்றால் அது தெரியாது. அவர் செய்தது விவரமான காரியம் என்றே எனக்குப் படுகிறது.

மார்ச் 24

தங்கை ஒருத்தி தனிச்செய்தியில் கேட்டிருக்கிறாள். மகனுக்குப் பதினொரு வயது, கண்ணாடி முன் நின்று கரண்டியை ஆட்டுகிறான், எந்த வகுப்பில் சேர்ப்பது?

அந்த வயதுக்குக் கண்டக்டர் வகுப்பு தேடாதே அம்மா. பியானோ கொஞ்சம் வரட்டும், பத்து வரிசை நோட்ஸை ஒரே நேரத்தில் படிக்க அதுதான் வழி. உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் பேண்டிலோ ஸ்டிரிங்ஸ் குழுவிலோ சேரச் சொல். கடைசி வரிசை கிடைத்தாலும் பரவாயில்லை, அங்கிருந்துதான் எல்லாரையும் பார்க்க முடியும். நன்றாக வந்தால் சிங்கப்பூர் தேசிய இளையர் இசைக்குழுவின் தேர்வில் வாசித்துக் காட்டலாம். பாடவும் வேண்டும், கோரஸ் எங்கிருந்தாலும். தாவரவியல் பூங்காவில் சிம்ஃபனிக்காரர்கள் இலவசக் கச்சேரி வைக்கும்போது பாயோடு அழைத்துப் போ, கொசு மருந்து மறக்காதே.

கரண்டியைப் பிடுங்காதே. என் பேண்டு மாஸ்டர் எங்கள் மூன்றாவது கிளாரினெட் வரிசையை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை, அவன் பெரியவனாகிக் கடைசி வரிசையையும் பார்ப்பான் என்றால் எனக்கு ஒரு சீட்டு எடுத்துவை. பின்பக்கம், முகம் தெரிகிற இடம்.